வேர்டு தினமும் குட்டி விண்டோவாகவே திறக்கிறதா? கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை!

கம்ப்யூட்டரை ஆன் செய்து, வேர்டு ஐகானை க்ளிக் செய்தால், திரை முழுக்க விரிய வேண்டிய பக்கம் ஏதோ ஒரு மூலையில் தபால் அட்டை மாதிரி திறக்கும். நேற்றுதானே பெரிதாக்கினோம் என்று யோசித்தபடியே ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குவோம். மறுநாளும் அதே தபால் அட்டை!

இதற்காக யாரும் சர்வீஸ் சென்டருக்குப் போவதில்லை. பழகியவர்கள் மேலே இருக்கும் சதுரத்தைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். சிக்கல், பழகாதவர்களுக்குத்தான். அறுபது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதமோ, பென்ஷன் அலுவலகத்துக்கு மனுவோ தானே டைப் செய்ய ஆரம்பித்திருக்கும் அப்பாக்களையும் அம்மாக்களையும் கேட்டுப் பாருங்கள். "நான் என்னத்தையோ அமுக்கிட்டேன் போல, சின்னதாயிடுச்சுப்பா" என்பார்கள். அப்படியே மூடி வைத்துவிட்டு, மகனோ மருமகளோ ஊரிலிருந்து வரும்வரை காத்திருப்பவர்கள் பல வீடுகளில் உண்டு. அவர்கள் எதையும் தவறாக அமுக்கவில்லை. வேர்டு இயங்கும் விதமே அப்படி.

மூன்று அளவுகள், ஒரே குழப்பம்

விண்டோ சின்னதாகத் திறந்தால், உள்ளே இருக்கும் எழுத்தும் சின்னதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். உடனே பலர் செய்யும் வேலை, எல்லாவற்றையும் செலக்ட் செய்து ஃபான்ட் சைஸை 11-லிருந்து 18-க்கு மாற்றுவது. திரையில் எழுத்து பளிச்சென்று தெரியும். நிம்மதியாக டைப் செய்து, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனால், ஒரு பக்கத்தில் முடிய வேண்டிய மனு மூன்று பக்கத்துக்கு வந்து நிற்கும். கையெழுத்து போடும் இடம் மட்டும் தனியாக நான்காவது தாளில் கிடக்கும். கடைக்காரர் சரி செய்து தருவார்தான். ஆனால், அவர் அவசரத்தில் எழுத்தைச் சின்னதாக்கும்போது, பார்த்துப் பார்த்துப் போட்ட அட்டவணையும் எண் வரிசையும் குலைந்துபோகும்.

இங்கே மூன்று அளவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. முதலாவது விண்டோவின் அளவு. வேர்டு என்ற சட்டகம் திரையில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பது அது. இரண்டாவது ஜூம். அந்தச் சட்டகத்துக்குள் தெரியும் தாளை எவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கிறோம் என்பது. மூன்றாவது ஃபான்ட் சைஸ். இது மட்டும்தான் தாளில் அச்சாகும். 72 பாயின்ட் என்றால் ஓர் அங்குலம். 12 பாயின்ட் என்றால் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. திரையில் எப்படித் தெரிந்தாலும் பிரின்டரில் இந்தக் கணக்கு மாறாது.

முதல் இரண்டையும் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அச்சில் ஒரு புள்ளிகூட நகராது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக மூன்றாவதில் கை வைக்கும்போதுதான் காசும் நேரமும் வீணாகின்றன.

எங்கே இருக்கிறது அந்த செட்டிங்?

'வேர்டு எப்போதும் இந்த அளவில்தான் திறக்க வேண்டும்' என்று சொல்வதற்கு ஒரு பட்டன் இருக்கும் என்று தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆப்ஷன்ஸ் பக்கத்தில் எழுத்துப்பிழை திருத்தம் முதல் பின்னணி நிறம் வரை நூறு விஷயங்களுக்கு இடம் கொடுத்திருக்கும் மைக்ரோசாஃப்ட், விண்டோ அளவுக்கு மட்டும் ஒரு கட்டம் வைக்கவில்லை.

அதற்குப் பதிலாக வேர்டு வேறொரு வழியைப் பின்பற்றுகிறது. கடைசியாக எந்த அளவில், திரையின் எந்த இடத்தில் மூடினீர்களோ, அதைக் குறித்துவைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே அளவில் திறக்கும். ஆக, வேர்டை எப்படி மூடுகிறோம் என்பதே இங்கே செட்டிங்.

'நேற்று பெரிதாக்கித்தானே மூடினேன்?' என்று கேட்கலாம். அங்கேதான் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. 2000-ம் ஆண்டுப் பதிப்புக்கு முன்பு வரை வேர்டு என்பது ஒரே பெரிய விண்டோ. எத்தனை ஃபைல்களைத் திறந்தாலும் அவையெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். வேர்டு 2000-லிருந்து ஒவ்வொரு ஃபைலும் தனித்தனி விண்டோ ஆனது. நீங்கள் கடிதத்தைப் பெரிய விண்டோவில் டைப் செய்துகொண்டிருக்கும்போதே, மெயிலில் வந்த இன்னொரு ஃபைலைத் திறந்து பார்த்திருப்பீர்கள். அது சின்ன விண்டோவாக, கொஞ்சம் தள்ளித் திறந்திருக்கும். முதலில் கடிதத்தை மூடிவிட்டு, கடைசியாக அந்தச் சின்ன விண்டோவை மூடியிருந்தால் கதை முடிந்தது. வேர்டின் ஞாபகத்தில் இருப்பது கடைசியாக மூடப்பட்ட அந்தச் சின்ன விண்டோதான்!

சரிசெய்யும் வழி இதுதான். திறந்திருக்கும் எல்லா வேர்டு ஃபைல்களையும் சேவ் செய்து மூடிவிடுங்கள். பிறகு வேர்டில் ஒரே ஒரு வெற்றுப் பக்கத்தை மட்டும் திறங்கள். திரை முழுவதும் வேண்டும் என்றால், மேலே வலது மூலையில் கோட்டுக்கும் பெருக்கல் குறிக்கும் நடுவே இருக்கும் சதுரத்தை அழுத்துங்கள். முழுத்திரை வேண்டாம், பக்கத்தில் ஒரு பி.டி.எஃப்-ஐயும் திறந்துவைத்துப் பார்த்து டைப் செய்ய வேண்டும் என்றால், விண்டோவின் ஓரத்தை மவுஸால் பிடித்து இழுத்து, வேண்டிய அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் வேறு எதையும் செய்யாமல் அந்தப் பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிடுங்கள். மீண்டும் திறந்து பாருங்கள், அதே அளவில் நிற்கும்.

முழுத்திரையாகவே திறக்க வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அது விண்டோஸ் தரும் வசதி. டெஸ்க்டாப்பில் இருக்கும் வேர்டு ஷார்ட்கட் மீது ரைட் க்ளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால், 'ரன்' என்ற பெயரில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் 'மேக்ஸிமைஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்துவிடலாம். டாஸ்க்பாரில் பின் செய்து வைத்திருப்பவர்கள், அந்த ஐகானில் ரைட் க்ளிக் செய்து, மேலே வரும் சிறு பட்டியலில் வேர்டு என்ற பெயரின் மீது இன்னொரு முறை ரைட் க்ளிக் செய்தால் அதே 'ப்ராப்பர்ட்டீஸ்' கிடைக்கும்.

இதில் ஒரு குறை உண்டு. அந்த ஷார்ட்கட் வழியாக வேர்டைத் திறந்தால் மட்டுமே இது பலிக்கும். ஃபோல்டருக்குள் போய் ஒரு கடிதத்தை நேராக டபுள் க்ளிக் செய்தால், வேர்டு பழையபடி தன் ஞாபகத்தைத்தான் கேட்கும். அதனால் முதல் வழியையும் சேர்த்தே செய்துவிடுவது நல்லது.

மேக்ரோ எழுதி இதைச் செய்யலாம் என்று சொல்பவர்களும் உண்டு. செய்யலாம்தான். ஆனால், யாரோ அனுப்பிய நிரலை என்னவென்று தெரியாமல் வேர்டுக்குள் ஒட்டுவது, வாசல் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதற்குச் சமம். இணையத்திலிருந்து இறங்கும் ஃபைல்களில் இருக்கும் மேக்ரோக்களை 2022-லிருந்து மைக்ரோசாஃப்ட்டே தடுத்துவைப்பது சும்மா இல்லை. ஒரு விண்டோவின் அளவுக்காக அந்த ரிஸ்க் தேவையே இல்லை.

ஜூம் மட்டும் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

விண்டோ சரியாகிவிட்டது. ஆனால், எழுத்து ஒரு ஃபைலில் பெரிதாகவும் இன்னொன்றில் எறும்பு மாதிரியும் தெரிகிறதா? அது ஜூம் வேலை. விண்டோ அளவை வேர்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. ஜூம் அளவோ அந்தந்த ஃபைலுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. உங்கள் அலுவலக நண்பர் 70 சதவிகிதத்தில் வைத்து சேவ் செய்து அனுப்பினால், உங்கள் திரையிலும் அது 70-ல்தான் திறக்கும். அவருக்கு 27 இன்ச் மானிட்டர் இருக்கலாம். நமக்கு 14 இன்ச் லேப்டாப்!

கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டினாலும் ஜூம் மாறும். காப்பி செய்வதற்காக கன்ட்ரோலில் விரல் வைத்திருக்கும்போது சக்கரம் லேசாக உருண்டால் போதும். லேப்டாப் டச்பேடில் இரண்டு விரல்கள் தற்செயலாகப் பட்டாலும் இதேதான். திடீரென்று பக்கமெல்லாம் சுருங்கி, ஒரே திரையில் ஆறு பக்கங்கள் வரிசை கட்டி நிற்கும். பயப்பட வேண்டாம். வலது பக்கம் கீழ் மூலையில் ஒரு சதவிகித எண் இருக்கும். அதை க்ளிக் செய்து 100 என்று கொடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். 10 முதல் 500 சதவிகிதம் வரை அது போகும்.

அதே இடத்தில் 'பேஜ் விட்த்' என்று ஒன்று இருக்கிறது. பெரியவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் இதைத் தேர்ந்தெடுப்பதுதான் உத்தமம். தாளின் இடது ஓரமும் வலது ஓரமும் விண்டோவின் அகலத்துக்குப் பொருந்தி நிற்கும். முழுத்திரையில் வைத்திருந்தால் எழுத்து தானாகவே பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியதும் இல்லை.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆங்கிலத்தில் 10 பாயின்ட் எழுத்தை 100 சதவிகிதத்தில் வைத்துச் சிரமமில்லாமல் படித்துவிடலாம். தமிழில் அப்படி இல்லை. 'ன'வுக்கும் 'ண'வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். மெய்யெழுத்தின் புள்ளி விழுந்ததா இல்லையா என்பதும், 'கு'வா 'கூ'வா என்பதும் சின்ன அளவில் கண்ணை ஏமாற்றும். பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால், அதே பெயர் விண்ணப்பத்தில் ஒரு மாதிரியும் சான்றிதழில் வேறு மாதிரியும் இருக்கும். அதைத் திருத்த எத்தனை அலைச்சல் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும். டைப் செய்யும்போது எப்படி வைத்திருந்தாலும், பிழை பார்க்கும்போது 150 சதவிகிதத்துக்கு மேல் வைத்துப் பார்ப்பது நல்லது.

புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் நீங்கள் விரும்பும் ஜூமிலேயே வர வேண்டும் என்றால், 'நார்மல்' டெம்ப்ளேட்டைத் திறந்து மாற்ற வேண்டும். வேர்டில் ஒவ்வொரு வெற்றுப் பக்கமும் இந்த ஃபைலை அச்சாக வைத்துத்தான் உருவாகிறது. 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' என்று போய், அந்தப் பக்கத்தின் அடிவரை இறங்கினால் 'ஃபைல் லொக்கேஷன்ஸ்' பட்டன் இருக்கும். 'யூசர் டெம்ப்ளேட்ஸ்' எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அதில் காட்டும்.

அந்த ஃபோல்டருக்குப் போய் 'நார்மல்' ஃபைலை டபுள் க்ளிக் செய்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அதைப் பார்த்து ஒரு புதுப் பக்கம்தான் திறக்கும். ரைட் க்ளிக் செய்து 'ஓப்பன்' கொடுத்தால்தான் அசல் ஃபைல் திறக்கும். ஜூமை மாற்றுங்கள். பிறகு ஒரு ஸ்பேஸ் தட்டி, உடனே அதை அழித்துவிட்டு சேவ் செய்யுங்கள். இது என்ன சடங்கு என்று தோன்றலாம். ஜூமை மட்டும் மாற்றினால், ஃபைலில் எதுவும் மாறவில்லை என்று நினைத்து வேர்டு அதைச் சேமிக்காமல் விட்டுவிடும். ஒரு ஸ்பேஸைத் தட்டி அழித்தால், 'ஏதோ நடந்திருக்கிறது' என்று எழுதிவைத்துக்கொள்ளும். இத்தனை ஆண்டுகளாக இந்தச் சின்னக் கிறுக்குத்தனத்தை யாரும் சரிசெய்யாமல் வைத்திருப்பது ஆச்சர்யம்தான்.

50 ஆண்டுகளுக்கு முன்பு முழுப் பக்கம் தெரிந்தது!

விண்டோ அளவு ஏன் இவ்வளவு தொல்லை கொடுக்கிறது என்று கேட்டால், காகிதம் நெட்டையானது, திரை குட்டையானது என்பதுதான் அடிப்படைப் பதில்.

1973-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 'ஆல்டோ' என்றொரு கம்ப்யூட்டரை உருவாக்கினார்கள். நாம் நகல் எடுப்பதற்கே 'ஜெராக்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறோமே, அதே நிறுவனம்தான். காகிதத்திலேயே பிழைப்பு நடத்திய அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் திரையும் காகிதம் மாதிரியே நெட்டையாக நின்றது. அகலத்தில் 606 புள்ளிகள், உயரத்தில் 808 புள்ளிகள். அமெரிக்கர்கள் பயன்படுத்தும் ஒரு 'லெட்டர்' தாள் ஏறத்தாழ அப்படியே அதில் தெரியும்.

அந்தக் கம்ப்யூட்டருக்காக பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி உள்ளிட்டவர்கள் 1974-ல் எழுதிய மென்பொருள்தான் 'பிராவோ'. திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே அச்சில் வரும் என்ற எண்ணத்துக்கு அதுதான் முன்னோடி. ஹங்கேரியில் பிறந்த சிமோனி, 1981-ல் மைக்ரோசாஃப்ட்டில் சேர்ந்தார். அவருடைய வழிகாட்டுதலில் 1983-ல் வெளியானதுதான் வேர்டு. அப்படிப் பார்த்தால் இன்று நம் வீட்டில் இருக்கும் வேர்டின் தாத்தா, முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் காட்டிய ஒரு மென்பொருள்.

ஆனால், பேரன் பிறந்த வீட்டில் அந்தத் திரை இல்லை. அன்றைய டாஸ் கம்ப்யூட்டர்களில் ஒரு வரிக்கு 80 எழுத்துகள், மொத்தம் 25 வரிகள். அவ்வளவுதான் திரை. 80 என்ற கணக்கு 1928-ல் ஐ.பி.எம் கொண்டுவந்த துளையட்டையிலேயே இருந்தது. அதில் 80 பத்திகள் உண்டு. வேர்டுஸ்டார், வேர்டுபெர்ஃபெக்ட் என்று அந்தக் காலத்தில் பழகியவர்களுக்கு விண்டோ அளவு என்ற பேச்சே கிடையாது. திரை முழுக்க எழுத்து. நீலத் திரையில் வெள்ளை எழுத்துகளோடு, கீழே ஒரே ஒரு தகவல் வரியோடு நின்ற வேர்டுபெர்ஃபெக்ட்டை இன்றும் நினைத்து ஏங்கும் பழைய டைப்பிஸ்ட்டுகள் உண்டு.

1985-ல் விண்டோஸின் முதல் பதிப்பு வந்தபோது, விண்டோக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்க முடியாது. தரையில் ஓடு பதித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். 1987-ல் வந்த இரண்டாவது பதிப்பில்தான் அவை ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, இஷ்டப்பட்ட அளவில் நிற்கத் தொடங்கின. இந்த விண்டோவை எந்த அளவில் திறப்பது என்ற கேள்வி அன்றிலிருந்துதான் கூடவே வருகிறது.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். பரவலாக விற்கும் 15.6 இன்ச் லேப்டாப் திரையின் உயரம் சுமார் 194 மில்லிமீட்டர். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். நிஜ அளவில் காட்டினால், மூன்றில் இரண்டு பங்குத் தாள்கூட முழுசாகத் தெரியாது. அதிலும் மேலே பட்டன்கள் நிறைந்த ரிப்பன், கீழே டாஸ்க்பார் என்று இடத்தைப் பிடித்துக்கொண்டால், எழுதுபவருக்கு மிஞ்சுவது ஏழெட்டு வரிப் பத்தி ஒன்றிரண்டுதான். சினிமா பார்ப்பதற்கு வசதியாகத் திரையை அகலமாக்கிக்கொண்டே போனார்கள். அதில் உட்கார்ந்து கடிதம் எழுதுபவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இந்த இடப் பற்றாக்குறைக்கு இரண்டு எளிய வழிகள் உண்டு. கன்ட்ரோலும் எஃப்1 கீயும் சேர்த்து அழுத்தினால் ரிப்பன் சுருங்கிக்கொள்ளும். மீண்டும் அழுத்தினால் வந்துவிடும். இரண்டு பக்கங்களுக்கு நடுவே இருக்கும் சாம்பல் இடைவெளியில் மவுஸை வைத்து டபுள் க்ளிக் செய்தால், மேலும் கீழும் இருக்கும் வெற்று மார்ஜின் மறைந்து வரிகள் தொடர்ச்சியாகத் தெரியும். அச்சில் மார்ஜின் அப்படியே இருக்கும்.

புது லேப்டாப் வாங்கியதும் 'பழையதைவிட எழுத்து சின்னதா இருக்கே' என்று தோன்றுவதற்கும் காரணம் உண்டு. அதே 15.6 இன்ச் திரையில் முன்பு 1366-க்கு 768 புள்ளிகள் இருந்தன. இப்போது 1920-க்கு 1080. அதே இடத்தில் அதிகப் புள்ளிகளைத் திணித்திருப்பதால் ஒவ்வொரு புள்ளியும் சிறுத்துவிட்டது. விண்டோஸ் ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்று கணக்கு வைத்திருக்க, இந்தத் திரையில் இருப்பதோ சுமார் 141. அப்படியே விட்டால், 100 சதவிகித ஜூமிலும் எழுத்து தாளில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிறிதாகத்தான் தெரியும். இதற்கு வேர்டில் எதையும் மாற்ற வேண்டாம். விண்டோஸின் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'டிஸ்ப்ளே' போய் 'ஸ்கேல்' என்பதை 125 அல்லது 150 ஆக்கினால், மெனு, பட்டன், எழுத்து எல்லாமே ஒன்றுபோலப் பெரிதாகும்.

ஃபைல் காணாமல்போகவில்லை, ஒளிந்திருக்கிறது

விண்டோ அளவு விவகாரத்தில் உண்மையான நஷ்டம் நடப்பது இங்கேதான். அலுவலகத்தில் லேப்டாப்போடு இன்னொரு மானிட்டரை இணைத்து வேலை செய்திருப்பீர்கள். வேர்டு அந்த மானிட்டரில் இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து திறந்தால், டாஸ்க்பாரில் வேர்டு ஓடுவதாகக் காட்டும். திரையிலோ ஒன்றும் இருக்காது. அளவோடு சேர்த்து இடத்தையும் வேர்டு நினைவில் வைத்திருப்பதால், சில நேரம் இல்லாத மானிட்டரின் இடத்திலேயே போய்த் திறந்துகொள்ளும்.

ஃபைலே போய்விட்டது என்று பதறி, பவர் பட்டனை அழுத்திப்பிடித்து ஆஃப் செய்துவிடுகிறார்கள். அப்போதுதான் நிஜமாகவே போகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் சேமிக்கும் ஃபைல்களுக்கு, வேர்டு வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறைதான் மீட்புப் பிரதி எடுக்கிறது. அதற்குப் பிறகு டைப் செய்தது கைக்குக் கிடைக்காது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டாஸ்க்பாரில் வேர்டை ஒரு முறை க்ளிக் செய்துவிட்டு, விண்டோஸ் கீயோடு மேல் அம்புக்குறியை அழுத்துங்கள். பெரும்பாலும் விண்டோ திரை முழுக்க விரிந்து வந்து நிற்கும். வரவில்லை என்றால், ஆல்ட் கீயோடு ஸ்பேஸ்பாரை அழுத்தி, பிறகு 'எம்' எழுத்தை அழுத்துங்கள். ஏதாவது ஓர் அம்புக்குறியை ஒரு முறை தட்டிவிட்டு மவுஸை நகர்த்தினால், விண்டோ அதோடு ஒட்டிக்கொண்டு திரைக்குள் வரும். ஒரு க்ளிக் செய்தால் அங்கேயே நிற்கும்.

இன்னொரு பதற்றம், மெயிலில் வந்த ஃபைலைத் திறந்ததும் மெனுக்கள் எல்லாம் மறைந்து, பக்கம் புத்தகம் மாதிரி மாறி, டைப் செய்யவே முடியாமல் நிற்பது. அது 'ரீட் மோட்'. எஸ்கேப் கீயைத் தட்டினால் பழைய விண்டோ வந்துவிடும். இனிமேல் அப்படித் திறக்கவே கூடாது என்றால், 'ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'ஜெனரல்' பகுதியின் கடைசியில், மெயில் அட்டாச்மென்ட்டுகளை ரீடிங் வியூவில் திறப்பதற்கான டிக் ஒன்று இருக்கும். அதை எடுத்துவிடலாம்.

லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துபவர்களுக்கும் இதே கதைதான். அதுவும் கடைசியாக மூடிய அளவிலேயே திறக்கும். கூகுள் டாக்ஸுக்குத் தனி விண்டோ கிடையாது, பிரவுசர் எந்த அளவோ அதுவே அதன் அளவு.

ஒரே கம்ப்யூட்டர், நாலு பேர்

வீட்டில் இருப்பது ஒரு கம்ப்யூட்டர். கல்லூரிக்குப் போகும் மகள், பாதித் திரையில் வேர்டும் பாதியில் யூடியூப் பாடமுமாக அசைன்மென்ட் எழுதுகிறாள். 345 மில்லிமீட்டர் அகலத் திரையைப் பாதியாக்கினால் 172 மில்லிமீட்டர். 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 தாள் அதற்குள் அடங்க வேண்டுமானால், ஜூமை 80-க்குப் பக்கத்தில் இறக்கித்தான் ஆக வேண்டும். அவள் கண்ணுக்கு அது போதும். அவள் மூடிவிட்டுப் போன பிறகு தாத்தா வந்து திறக்கிறார். வேர்டு அவள் வைத்த பாதித் திரையோடு நிற்கிறது. பெரிதாக்கத் தெரியாத தாத்தாவுக்கும் பேத்திக்கும் இதை வைத்தே வாரத்துக்கு ஒரு பஞ்சாயத்து.

இதற்குத் தீர்வு வேர்டில் இல்லை, விண்டோஸில் இருக்கிறது. விண்டோ அளவு, நார்மல் டெம்ப்ளேட், ரிப்பன் அமைப்பு எல்லாமே கம்ப்யூட்டருக்குப் பொதுவானவை அல்ல. லாக் இன் செய்திருக்கும் யூசர் அக்கவுன்ட்டுக்கு உரியவை. 'செட்டிங்ஸ்', 'அக்கவுன்ட்ஸ்' போய் தாத்தாவுக்கென்று தனியாக ஓர் அக்கவுன்ட் உருவாக்கிவிட்டால், பேத்தி தன் அக்கவுன்ட்டில் என்ன அளவில் மூடினாலும் இவர் பக்கம் எதுவும் மாறாது. ஸ்கேலையும் இவருக்கு மட்டும் 150 ஆக வைத்துக்கொள்ளலாம்.

புது அக்கவுன்ட்டில் முதல் முறை திறக்கும்போது வேர்டு தன் இஷ்டத்துக்குத்தான் திறக்கும். அதனால், அக்கவுன்ட் உருவாக்கிக் கொடுத்த கையோடு எழுந்து போய்விடாமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கண்ணுக்கு எது வசதி என்று கேட்டு, விண்டோவை விரித்து, டெம்ப்ளேட்டில் 'பேஜ் விட்த்' வைத்து, அந்த ஒரு ஸ்பேஸைத் தட்டி அழித்து சேவ் செய்து மூடிக் கொடுங்கள். டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட்டும் அவர் அக்கவுன்ட்டில் தனியாக வைக்க வேண்டியிருக்கும். பத்து நிமிட வேலை. பழைய கடிதங்கள் மகளின் அக்கவுன்ட் ஃபோல்டரில் இருக்கும் என்பதால், அவற்றைப் பென் டிரைவிலோ பொது ஃபோல்டரிலோ காப்பி செய்து இவர் பக்கம் கொண்டுவருவதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.